பரிசோதிக்காத சாவை மர்மம் என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் ஐந்தாம் பக்கத்தில் 'மரத்தடியில் மைனாக்கள் மர்மச் சாவு' என்று ஒரு பெட்டிச் செய்தி வந்தது. அந்த மரம் என் வீட்டுக்கு எதிரே நிற்கிற தூங்குமூஞ்சி மரம். செய்தி மொத்தமே ஆறு வரி. அதில் 'மர்மமான முறையில்' என்பது இரண்டு இடத்தில் வருகிறது. 'செல்போன் கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்று அப்பகுதியினர் கூறுகின்றனர்' என்று ஒரு வரி. அப்பகுதியினரில் நானும் ஒருத்தி. என்னை யாரும் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். என் மெஷின் முன்னறைச் சன்னலோரம் இருக்கிறது. தலையை நிமிர்த்தினால் அந்த மரம்தான். சாயங்காலம் வெளிச்சம் குறைந்து ஊசியில் நூல் கோர்க்கக் கண் தடுமாறுகிற நேரத்தில் மரத்தின் இலைகள் கூம்ப ஆரம்பிக்கும். சரியாக அப்போதுதான் மைனாக்கள் அடைய வரும். முதலில் நாலைந்து வந்து உச்சிக் கிளையில் உட்காரும். அப்புறம் எல்லாத் திசையிலிருந்தும் இருபது முப்பதாக வரும். இடத்துக்காக ஒரே சண்டை. அரை மணி நேரம் காது கொள்ளாத சத்தம். பிறகு யாரோ சொல்லிவைத்த மாதிரி மரமே அடங்கிப்போகும். கோடையில் இந்தக் கூட்டம் கூடிக்கொண்டே போகும். பறக்கப் பழகிய குஞ்சுகளும் பெரியவற்றோடு சேர்ந்துகொள்ளும். சில காகங்களும் அதே மரத்தில் வடக்குப் பக்கக் கிளைகளில் அடைகின்றன. பதினோரு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டுதான் மெஷினுக்கு உறை போடுகிறேன்.

செத்த விவரத்தை என் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் நாள் காலை 11. மறுநாள் 23. மூன்றாம் நாள் 9. நான்காம் நாள் ஒன்றும் இல்லை. நாற்பத்து மூன்றும் மைனா. காகம் ஒன்றுகூடச் சாகவில்லை. அந்த மூன்று இரவிலும் காற்று இல்லை, மழை இல்லை, இடி இல்லை. மரத்தை ஒட்டி மின்கம்பியும் போகவில்லை. முந்தின நாள் சாயங்காலம் எல்லாம் வழக்கம்போலச் சத்தம் போட்டுக்கொண்டுதான் அடைந்தன.

முதல் நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. வாசலில் நின்று பார்த்தேன், எண்ணினேன், மனசு கஷ்டமாக இருந்தது, உள்ளே வந்துவிட்டேன். துப்புரவு வண்டி வந்து குப்பையோடு சேர்த்து வாரிக்கொண்டு போனது. அந்தப் பதினொன்றில் ஒன்றையாவது எடுத்து வைத்திருக்க வேண்டும். இன்றுவரை அது உறுத்துகிறது.

இரண்டாம் நாள் விடியும் முன்பே போனேன். ஒன்று இன்னும் உயிரோடு இருந்தது. மல்லாந்து கிடந்தது. எழ முயன்று முயன்று தலை ஒரு பக்கமாகவே சாய்ந்தது. அலகோரத்தில் கோழை மாதிரி நீர் வடிந்திருந்தது. பிளாஸ்டிக் கவரை உள்ளும் புறமுமாகத் திருப்பிக் கையில் மாட்டிக்கொண்டு தூக்கினேன். ஒரு ரவிக்கைத் துணியை மடித்துக் கையில் வைத்தால் என்ன கனம் இருக்குமோ அவ்வளவுதான் இருந்தது. கண்ணைச் சுற்றியுள்ள மஞ்சள் தோல் நிறம் மங்காமல் அப்படியே இருந்தது. கால் விரல்கள் நான்கும் இறுக மூடியிருந்தன. நடுவே ஒரு சருகு நசுங்கிக் கிடந்தது. விரித்துவிடலாம் என்று கவரோடு சேர்த்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். விரல் விரியவில்லை. வீட்டுக்குள் கொண்டுவருவதற்குள் அடங்கிவிட்டது. பக்கத்தில் செத்துக் கிடந்த இன்னொன்றின் அலகில் வெட்டுக்கிளியின் பின்னங்கால் ஒன்று மாட்டியிருந்தது. அடைய வந்த பறவை கடைசி இரையைக்கூட முழுதாக விழுங்காமல் செத்திருக்கிறது.

அன்று காலை ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "உயிரோடு இருந்தால் கூப்பிடுங்கள், செத்ததைப் புதைத்துவிடுங்கள்" என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில் மூன்று பேரிடம் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கடைசியாகப் பேசியவர், நேற்றே கூப்பிட்டிருக்க வேண்டும், இந்த வெயிலுக்கு இந்நேரம் அழுகியிருக்கும் என்றார். அவர்கள் பெயரையெல்லாம் எழுதிப் பழி போட நான் வரவில்லை. அவர் சொன்னதில் ஒன்று உண்மை. கோடையில் செத்த பறவையின் உடல் சில மணி நேரத்தில் கெட்டுப்போகும். கெட்டதும் சொல்ல வேண்டிய சேதியும் அதோடு போய்விடும். அதற்குள் யார் வந்து எடுப்பது என்பதுதான் என் கேள்வி.

அதற்கப்புறம் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். என் மகளும் உதவினாள். படிக்கப் படிக்க எனக்குத் தெளிவானது ஒன்றுதான். பறவைகள் கூட்டமாகச் செத்து, யாரோ ஒருவர் விடாப்பிடியாக உடலை எடுத்துப் பரிசோதித்த இடங்களில் பெரும்பாலும் காரணம் கிடைத்திருக்கிறது.

அர்ஜென்டினாவில் நடந்ததைச் சொல்கிறேன், எங்கள் மரத்துக்கு மிக நெருக்கமாக எனக்குப் பட்டது அதுதான். ஸ்வெயின்சன் பருந்து என்று ஒரு பறவை. வட அமெரிக்காவில் கூடு கட்டும். அங்கே குளிர் வந்ததும் பூமியின் அந்தப் பக்கக் கோடையைத் தேடி அர்ஜென்டினாவின் புல்வெளிகளுக்குப் போய்விடும். அங்கே பகலெல்லாம் வெட்டுக்கிளி தின்னும், இரவில் மரத்தோப்புகளில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஒன்றாக அடையும். போன பருந்துகளில் பல திரும்பி வருவதில்லையே என்று ஆராய்ச்சியாளர்கள் இரண்டொரு பறவை மேல் சின்னக் கருவியைக் கட்டி, செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்தார்கள். 1995 ஜனவரியில் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்தால் வயல்களிலும் அடைகிற மரங்களின் அடியிலும் பருந்துகள் செத்துக் கிடந்தன. அடுத்த கோடையில் மட்டும் சுமார் 20,000 பருந்துகள் செத்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். உடல்களைப் பரிசோதித்ததில் காரணம் தெரிந்தது. வெட்டுக்கிளியை ஒழிக்க வயலில் தெளித்த மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து. மருந்து பட்ட வெட்டுக்கிளியைப் பருந்து தின்றிருக்கிறது, தெளிக்கும்போது பறவை மேலேயே பட்டும் இருக்கிறது. விவசாயிகளிடம் எடுத்துச் சொல்லி அந்தப் பகுதியில் அந்த மருந்தை நிறுத்தினார்கள். அதற்கடுத்த கோடையில் சாவு வெகுவாகக் குறைந்துவிட்டது.

மைனாவுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கிற பேரினப் பெயர் அக்ரிடோதெரிஸ். கிரேக்க மொழியில் 'வெட்டுக்கிளி வேட்டையாடி' என்று அர்த்தமாம். அதைப் படித்ததும் அந்த அலகில் மாட்டியிருந்த பின்னங்கால் என் கண் முன் வந்து நின்றது.

எங்கள் மைனாக்களும் பூச்சிமருந்தால்தான் செத்தன என்று நான் சொல்ல வரவில்லை. சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இந்த வகை மருந்துகள் நரம்பு வேலை செய்யத் தேவையான ஒரு நொதியை முடக்கிவிடும். செத்த பறவையின் மூளையில் அந்த நொதி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்கலாம். அதே இனத்தின் நல்ல பறவைக்கு இருப்பதில் பாதிக்கும் கீழே போயிருந்தால் சாவுக்கு அந்த மருந்து காரணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். விரல் இறுக மூடியிருப்பது, எச்சில் வடிவது, வாயிலோ இரைப்பையிலோ இரை அப்படியே இருப்பது, இதெல்லாம் அந்தப் பக்கம் சந்தேகப்பட வைக்கிற அடையாளங்கள். அடையாளங்கள் மட்டும்தான். மூளையை அளந்தால்தான் உறுதி.

இந்த இடத்தில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மைனாக்கள் அடைகிற மரம் ஒன்று. ஆனால் அவை பகலில் இரை தேடப் போகிற இடங்கள் எத்தனையோ. ஒரு கூட்டம் வயலுக்குப் போகும், ஒன்று குப்பைமேட்டுக்கு, ஒன்று குளத்தங்கரைக்கு. பகலில் எங்கேயோ தின்றதன் பலன் இரவில் இந்த மரத்தடியில் வந்து விழலாம். அதனால் மரத்தை மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்து, இங்கே ஒன்றும் இல்லையே, மர்மம்தான் என்று போய்விட்டால் எப்படி? தினமும் சாயங்காலம் அவை எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எல்லாச் சாவுக்கும் விஷம்தான் காரணம் என்றும் இல்லை. அமெரிக்காவில் பீப் என்ற சிற்றூரில் 2010 டிசம்பர் 31 இரவு ஆயிரக்கணக்கான செந்தோள் கரும்பறவைகள் தெருவிலும் கூரையிலும் வந்து விழுந்தன. உலகம் அழியப்போகிறது என்றுகூடக் கிளப்பிவிட்டார்கள். அறுத்துப் பார்த்ததில் உடம்பில் பலமாக அடிபட்ட காயங்கள். புத்தாண்டுப் பட்டாசுச் சத்தத்தில் அடைந்திருந்த கூட்டம் மொத்தமும் மிரண்டு கிளம்பி, இருட்டில் கண் தெரியாமல் வீட்டிலும் மரத்திலும் மோதியிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். லூசியானாவில் ஒரு ஏரிப் பாலத்துக்கு அடியில் கோடையில் ஊதா மார்ட்டின் என்கிற குருவிகள் பல்லாயிரக்கணக்கில் அடையும். அங்கே சாவுக்குக் காரணம் வாகனங்கள். பாலத்தின் ஓரத்தில் வேலி உயர்த்திக் கட்டினார்கள், குருவிகள் தாழப் பறந்து சாலைக்கு வருவது நின்றது, சாவும் குறைந்தது. வெயிலும் கொல்லும். பறவைக்கு வியர்க்காது. வாயைத் திறந்து வேகமாக மூச்சு வாங்கி, சில இனங்கள் தொண்டையைப் படபடவென்று ஆட்டியும், சூட்டைத் தணித்துக்கொள்ளும், அதற்கும் ஒரு எல்லை உண்டு. ஆனால் வெயிலில் சாகிறது பெரும்பாலும் பகலில் சாகும். எங்கள் மைனாக்கள் இரவில் செத்தன. இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தள்ளினாலே பாதித் தூரம் போய்விடலாம்.

'மைனாதானே' என்று என் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். 1999 கோடையில் நியூயார்க்கில் காகங்கள் செத்து விழுந்தன. அதே சமயத்தில் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. மனிதர்களுக்கு வந்தது செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று அறிவித்தும் விட்டார்கள். பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையில் நோய்க்கூறு மருத்துவராக இருந்த ட்ரேசி மெக்னமாரா செத்த காகங்களையும் பூநாரைகளையும் அறுத்துப் பார்த்தார். அந்த நோய் பறவைகளைக் கொல்வதில்லையே, இது வேறு ஏதோ என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அது வெஸ்ட் நைல் வைரஸ். அமெரிக்கக் கண்டத்தில் அதற்கு முன் அது தென்பட்டதே இல்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பரன்ஸ் என்ற துறைமுக ஊரில் 2006 டிசம்பரில் பறவைகள் ஆயிரக்கணக்கில் செத்தன. பரிசோதித்தால் உடலில் ஈயம். துறைமுகத்தில் ஏற்றி இறக்கிய ஈயத்தாதுத் தூள் காற்றோடு ஊருக்குள் வந்திருக்கிறது. அப்புறம்தான் குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள், அங்கேயும் ஈயம் இருந்தது. வேறு எதற்காக இல்லாவிட்டாலும் அந்தக் குழந்தைகளுக்காகவாவது, மரத்தடியில் நாற்பத்து மூன்று உடல் கிடந்தால் என்ன என்று பார்க்க வேண்டாமா?

செல்போன் கோபுரம் பற்றி. கோபுரத்திலும் அதைத் தாங்குகிற கம்பியிலும் இரவில் மோதிப் பறவைகள் சாவது உண்டு. அது வேறு. அதன் அலைகளால் ஒரு மரத்தில் அடைந்த கூட்டம் ஒரே இரவில் செத்தது என்று எங்கேயும் உறுதியானதாக நான் படிக்கவில்லை. எங்கள் தெருக் கோபுரம் ஏழு வருடமாக நிற்கிறது. மைனாக்கள் மூன்று நாள் மட்டும் செத்தன. இந்த ஒரு வரியை அச்சில் போட்டதால் தெருவில் எல்லோரும் கோபுரத்தைப் பார்க்கிறார்களே தவிர, கீழே கிடந்த உடலை யாரும் பார்க்கவில்லை. எனக்கு இதில்தான் உங்கள் மேல் வருத்தம்.

செய்தி வந்த மறுநாளே மரத்தை வெட்ட வேண்டும் என்று ஒரு மனு கிளம்பியிருக்கிறது. எச்சம், சத்தம், இப்போது நோய்ப் பயம் வேறு. ஒருவேளை நோயாகவே இருந்தால் மரத்தை வெட்டுவதைவிடத் தப்பான காரியம் கிடையாது. ஒரு மரத்தில் அடைகிற கூட்டத்தைக் கலைத்தால் அது நாலு மரத்துக்குப் பிரியும், நோயும் கூடவே போகும். இந்த மனுவைப் பற்றியும் செய்தி போடுவீர்கள் என்றால் இதையும் சேர்த்துப் போடுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. ஒன்று, பரிசோதனை நடக்காத இடத்தில் 'மர்மம்' என்று எழுதாதீர்கள். 'உடல்கள் பரிசோதனைக்கு அனுப்பப்படவில்லை' என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் ஏன் அனுப்பவில்லை என்று யாராவது கேட்பார்கள். மர்மம் என்று எழுதினால் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடுவார்கள்.

இரண்டு, இப்படிச் செய்தி போடும்போதெல்லாம் பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்புப் போடுங்கள். எனக்கு முதல் நாள் அது தெரிந்திருந்தால் போதும், எவ்வளவோ உதவியிருக்கும். வெறுங்கையால் தொடக்கூடாது, குழந்தைகளையும் நாய் பூனையையும் கிட்டே விடக்கூடாது. தேதி, நேரம், எந்தப் பறவை, எத்தனை, கூடவே சாகாமல் இருந்த பறவைகள் எவை என்று எழுதிக்கொள்ள வேண்டும், கிடந்தபடியே படம் எடுக்க வேண்டும். புதிதாகச் செத்தவற்றில் சிலவற்றைக் கவரைத் திருப்பிப் பிடித்து எடுத்து, இரண்டு கவரில் கட்டி, ஐஸ் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். ஒன்றிரண்டு நாளில் ஆய்வகம் போய்ச் சேரும் என்றால் குளிர்ச்சி போதும், உறைய விடத் தேவையில்லை. தாமதமாகும் என்றால் உறைய வைப்பதுதான் வழி. கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். மிச்ச உடல்களையும் அங்கேயே போட்டுவைக்கக் கூடாது. 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பார் ஏரியில் ஏறத்தாழ 18,000 பறவைகள் செத்தபோது, இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் பரிசோதித்து பொட்டுலிசம், அதாவது ஒரு பாக்டீரியா உண்டாக்குகிற நஞ்சு, என்றது. அந்த நஞ்சு செத்த உடலில் ஊறும், அதில் வளர்கிற புழுக்களிலும் இருக்கும். புழுவைத் தின்கிற அடுத்த பறவையும் சாகும். அப்புறம் அதன் உடலில் புழு. இப்படியே போகும். அதனால்தான் பரிசோதனைக்கு எடுத்ததும் மற்றதை அப்புறப்படுத்த வேண்டும் என்கிறார்கள். இவ்வளவும் இரண்டு அங்குல இடத்தில் அடங்கும். கூடவே உங்கள் பகுதிக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரே ஒரு எண். அந்த எண்ணைக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. உங்கள் நிருபர் கேட்டால் சொல்வார்கள்.

நான் இரண்டு மைனாக்களை எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று கவரில் வைத்துத் தூக்கி வரும்போதே உயிர் போனது, இன்னொன்று வெட்டுக்கிளிக் காலோடு கிடந்தது. சாப்பாட்டுச் சாமான் எதுவும் வைக்காத ஒரு பழைய ஃப்ரிட்ஜ் பின்கட்டில் இருக்கிறது, அதன் ஃப்ரீசரில் இரண்டிரண்டு கவரில் கட்டி, நாளும் நேரமும் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். மின்சாரம் போகிற போதெல்லாம் ஐஸ் வாங்கிப் போடுகிறேன். எந்த ஆய்வகம் வாங்கிக்கொள்ளும் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். யாரும் வர வேண்டாம், நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மரத்துக்கு எதிர்வீட்டு வாசகி